மடக்குற கோடு

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின் விளிம்பு நடுவில் கொஞ்சம் வளைந்து தெரிந்தபோது, எப்போதோ கீழே விழுந்து அடிபட்டிருக்கும் என்றுதான் விருத்தாசலம் நினைத்தார். அதை ஓரமாகப் போட்டுவிட்டு விழுப்புரம் கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதுவும் அதே இடத்தில் வளைந்திருந்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து எதிர்வீட்டு ஓரமாக நின்ற கரண்டுக் கம்பத்தைப் பார்த்தார். கம்பமும் வளைந்திருந்தது.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திண்டிவனத்துக்கு வெளியே ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தவர். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரியில். இரண்டு கண்ணிலும் லேசர் வைத்தார்கள். "இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். போனது வராதுங்க" என்றார் அந்த டாக்டரம்மா. ஒரு மாதம் கழித்து, கம்பெனியில் அவர் கையால் போன ஒரு பாகம் அளவு தப்பித் திரும்பி வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். காரணம் என்று முதுகுவலியைச் சொன்னார்.

விழுப்புரத்தை ஒட்டிய கீழ்ப்பெரும்பாக்கத்தில் அவர் வீட்டின் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதில் இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு துளைபோடும் மிஷின், கையில் பிடிக்கும் கிரைண்டர். கால் ஊனமானவர்கள் ஓட்டும் ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக் கொடுப்பதை அவர் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துகொண்டிருந்தார். இப்போது அதுவே முழுநேர வேலையானது. சக்கரத்தைத் தாங்கும் பட்டைகளை அவரே வெட்டி, துளைபோட்டு, மடக்கிவிடுவார். வெல்டிங் மட்டும் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த குமரேசன்.

கண் விஷயம் அவர் மனைவி வேணிக்கு மட்டும் தெரியும். வேணி பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். மத்தியானம் மூன்று மணிக்கு வீடு திரும்பினால், கொட்டகையில் அவர் முகத்தை இரும்புக்கு ஒட்ட வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பாள். உள்ளே போய்விடுவாள்.

சங்கவி வந்தது ஒரு பங்குனி மாதக் காலையில். மயிலத்துக்காரப் பெண். இருபத்தொன்பது வயது. பத்து வருடத்துக்கு முன்னால் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்த டிராக்டர் கவிழ்ந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருந்தாள். கூட அவள் அம்மா பூமாலை. சித்தப்பா மகன் ஓட்டிவந்த பழைய ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினார்கள்.

"அண்ணே, திண்டிவனத்துல பத்திரம் எழுதுற ஆபீஸ்ல வேல கெடச்சிருக்குங்க. கம்ப்யூட்டர்ல அடிக்கிற வேல" என்றாள் சங்கவி. "பஸ்சுல ஏறவே முடியல. ஏறதுக்குள்ள எடுத்துர்றான். திங்கக்கெழமைலேருந்து வரச் சொல்லிட்டாங்க. ஜல்தியா பண்ணிக் குடுத்தீங்கன்னா..."

"இன்னிக்கி வியாழன்" என்றார் விருத்தாசலம்.

"முடியாதுங்களா?"

அவள் அம்மா குறுக்கே வந்தாள். "திருவாமாத்தூர்ல பூ விக்கிறவருதாண்ணே உங்களச் சொன்னாரு. நீங்க வச்சுக் குடுத்த சக்கரம் கல்லுமாரி நிக்குதுன்னாரு. எங்க கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலைக்குப் போறவ இவ ஒருத்திதான். நான் இன்னும் கள வெட்டிக்கினுதான் இருக்கேன்."

விருத்தாசலம் ஸ்கூட்டரைச் சுற்றிவந்தார். அடியில் கையை விட்டுச் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். கை அளவு சொன்னது. "சனிக்கெழம சாயங்காலம் வந்து எடுத்துக்கோம்மா" என்றார்.

அவர்கள் போனதும் ஆறு எம்.எம். தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் வெட்டவேண்டிய கோடு, துளையின் நடுப்புள்ளி, மடக்கவேண்டிய கோடு மூன்றையும் போடவேண்டும். கம்பெனியில் இருந்தவரை நீல மசியைத் தடவி, காய்ந்ததும் ஸ்க்ரைபரால், அதாவது அந்த ஊசிமுனைக் கம்பியால், ஒரு இழுப்பு இழுப்பார். நீலத்தில் வெள்ளியாகக் கோடு மின்னும். இப்போது அந்த நீலம் அவருக்குக் கருப்பாகத் தெரிந்தது. கருப்புக்குள் கோடு எங்கோ கரைந்துபோனது.

சாக்பீஸ் எடுத்தார். கோடு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அது பட்டாணி அகலத்துக்கு இருந்தது. அந்த அகலத்தில் எந்த ஓரத்தை வைத்துத் துளைபோடுவது? சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி அதன்மேல் பென்சிலால் இழுத்துப் பார்த்தார். கை பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. மார்க்கர் பேனாவில் கோடு ஒழுங்காக விழுந்தது, ஆனால் பார்க்கப் பார்க்க நடுவில் நெளிந்தது. தான் நெளித்துப் போட்டதா, கண் நெளிக்கிறதா? ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஸ்கேலும் கூடவே நெளிந்தது.

மூன்று மணிக்கு வேணி வந்தபோது மேசைமேல் எட்டுத் துண்டு இரும்பு எட்டு விதமாகக் கிடந்தது.

"ஏங்க, நான் கோடு போடட்டுமா?" என்றாள். "நீங்க அளவு சொல்லுங்க. நான் வச்சு இழுக்கறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்குது."

"உனக்கு இன்னா தெரியும் இதுல?"

"கோடு போடத் தெரியாதா? ஆறாவது வரைக்கும் படிச்சவதான்."

"வேணாம் போ."

"இல்லன்னா அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க. வேற எங்கனா போவட்டும். பாவம், காலில்லாத பொண்ணு."

"நான் இன்னும் குருடாவல" என்றார் அவர். அந்தக் குரலில் அவள் அதற்குமுன் திட்டு வாங்கியதில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை அவருக்கு மயில்துத்தம் நினைவுக்கு வந்தது. ஐ.டி.ஐ.யில் படித்தபோது ஒரே ஒரு முறை செய்து பார்த்தது. உரக்கடையில் நூறு கிராம் வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து, பேட்டரி ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, துடைத்த தகட்டின்மேல் துணியால் ஒற்றி எடுத்தார். இரும்பு அப்படியே செம்பாக மாறியது. அதன்மேல் ஸ்க்ரைபரை இழுத்தார். செம்பு நிறத்துக்கு நடுவில் கோடு வெள்ளையாகக் கிழித்துக்கொண்டு நின்றது. அவருக்குத் தெரிந்தது. முழுதாக இல்லாவிட்டாலும் தெரிந்தது. மீதியை நகம் பார்த்துக்கொண்டது. அழுத்தி இழுத்தால் பள்ளம் விழும். பள்ளத்தில் நகத்தை வைத்துத் தள்ளினால் கோடு நேராகப் போகிறதா என்று விரல் சொல்லிவிடும். விரல் பொய் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு அன்று தொண்டைக்குள் ஒரு பாட்டு முனகியது.

வெட்டுகிற கோட்டைக் கீறலாம். மடக்குகிற கோட்டைக் கீறக்கூடாது. பேனாவால்தான் போடவேண்டும். இது முதல் வருடம் படிக்கிறவனுக்குக்கூடத் தெரியும். காகிதத்தில் நகத்தால் கீறிவிட்டு மடித்தால் கீறின இடத்தில்தான் கிழியும். இரும்பும் அப்படித்தான். என்ன, நாளாகும். விருத்தாசலத்துக்கு அது தெரியும். மடக்குக் கோட்டின்மேல் ஸ்க்ரைபரை வைத்தபோது அவர் கை ஒரு நொடி நின்றது. பேனாவால் போட்டால் தெரியாது. தெரியாமல் மடக்கினால் பட்டை கோணிக்கொள்ளும், சக்கரம் சாயும். ஆறு எம்.எம். தகடு, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார். நகத்துக்குப் படும்படி இரண்டு முறை அழுத்தி இழுத்தார். வைஸில் பிடித்தபோது கோடு தன்னைப் பார்த்து இருக்கும்படி வைத்து, சுத்தியலால் அந்தப் பக்கமாக அடித்து மடக்கினார். இழுபடுகிற வெளிப்புறத்தில் கீறல் இருந்தது. கருப்பு பெயிண்ட் அடித்ததும் அது மறைந்துவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கவி தெருவில் மூன்று முறை போய்வந்தாள். மூன்றாவது முறை திரும்பும்போது ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள்.

"நிக்குதுண்ணே! கால ஊனவே வேணாம், தானா நிக்குது!" என்றாள்.

பூமாலை விருத்தாசலத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் கூச்சத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மூன்று வண்டிகளுக்கும் அவர் அப்படியே செய்தார். மயில்துத்தம், ஸ்க்ரைபர், நகம். அளவு தப்பவில்லை. சங்கவி தீபாவளிக்கு ஃபோன் செய்தாள். சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்ததைச் சொன்னாள். மழையில்கூட லீவு போடாமல் போய்வருவதைச் சொன்னாள். "ஆபீஸ்ல எல்லாரும் கேக்குறாங்கண்ணே, யாரு செஞ்சதுன்னு."

கார்த்திகையில் ஒரு காலை, ஒன்பது மணிக்கு முன்னால், கூட்டேரிப்பட்டில் சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் வேகத்தடையைத் தாண்டும்போது சங்கவியின் வண்டி இடதுபக்கமாகச் சாய்ந்தது. இடதுபக்கச் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியதைப் பார்த்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். பின்னால் வந்த மினி லாரி பிரேக் பிடித்தது, ஆனால் போதவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த நல்ல காலின் முட்டிமேல் அதன் முன்சக்கரம் ஏறியது.

முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனார்கள். காலை எடுக்கவில்லை. ஆனால் முட்டி இனி மடங்காது, பாரம் தாங்காது என்றார்கள். திருவாமாத்தூர் பூக்காரர்தான் விருத்தாசலத்துக்கு ஃபோனில் சொன்னார். "லாரிக்காரன் பண்ண வேல. பேஜாரு புடிச்ச ரோடு அது" என்றார்.

விருத்தாசலம் பஸ் ஏறிக் கூட்டேரிப்பட்டுக்குப் போனார். போலீஸ் பார்த்து முடித்த வண்டி ஒரு மெக்கானிக் ஷெட்டின் பின்னால் கிடந்தது. மெக்கானிக் அவரைச் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டான். "ஸ்பீடு பிரேக்கர்ல உட்டு அடிச்சதுல பட்டை முறிஞ்சிடுச்சுங்க" என்றான்.

அவர் மண்டியிட்டு உடைந்த பட்டையை இரண்டு கையாலும் பிடித்தார். கண் கிட்டப் போனால் எல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடியது. கட்டைவிரல் நகத்தை உடைந்த விளிம்பில் வைத்துத் தள்ளினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடங்கல் இல்லாமல் போயிற்று. அடிபட்டு உடைகிற இரும்பு அப்படி நேராக உடையாது.

"தம்பி, இந்த ஒடஞ்ச எடம் இன்னா நெறத்துல இருக்குது, கொஞ்சம் சொல்றியா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். "முக்காவாசி துருவா இருக்குதுங்க. இந்த ஓரம் மட்டும் பளபளன்னு."

துரு என்றால் அந்த வெடிப்பு பல மாதமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. தீபாவளிக்கு அவள் ஃபோனில் பேசியபோதே அது பாதி தூரம் போயிருக்கும். அன்று காலை மிச்சமிருந்த பளபளப்பு மட்டும் அவளைத் தாங்கியது.

குமரேசனிடம்தான் முதலில் சொன்னார். குமரேசன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. லாரி மேல கேசு போட்டாச்சு. யாரும் உன்னக் கேக்கப்போறதில்ல. நீ சொன்னா அந்தப் பொண்ணு எழுந்து நடந்துடப் போவுதா?"

வீட்டில் வேணியிடம் சொன்னபோது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "நான் கோடு போடறேன்னனே" என்றாள். மூன்றாம் நாள், "எப்ப போறீங்க மயிலத்துக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் போனார். வேணியும் கூட வந்தாள். சிமெண்ட் ஓடு போட்ட ஒற்றை அறை வீடு. சங்கவி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் போர்வைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தது. பூமாலை ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கண்ணே. நீங்களாவது வந்து பாக்கணும்னு நெனச்சீங்களே" என்றாள்.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கண் போனது, கம்பெனியை விட்டது, கோடு தெரியாமல் எட்டு விதமாகப் போட்டுப் பார்த்தது, கடைசியில் கீறக்கூடாத இடத்தில் கீறியது, தெரிந்தே கீறியது. எதையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது வெளியே ஆட்டுக்குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

சங்கவி போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நான் வந்தப்ப, கண்ணு தெரியலன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியும்மா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற எடத்துக்குப் போயிருப்பேன். ஒரு வாரம் லேட்டா வேலைல சேந்திருப்பேன். அவ்ளோதானே?"

"அவ்ளோதாம்மா."

"இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

பஸ்ஸில் வரும்போது அதற்குப் பல பதில்கள் யோசித்திருந்தார்.

"உங்களுக்குப் பாரம் எறங்கணும்னு சொல்றீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "லாரிக்காரன்னு நெனச்சுக்கினு இருந்தேன். முகம் தெரியாதவன், திட்டிக்கினு கெடக்கலாம். இனிமே அதுவும் முடியாது."

பூமாலை எழுந்து கதவை முழுதாகத் திறந்தாள். "போய்ட்டு வாங்க" என்று வழக்கமாகச் சொல்வதுபோல் அவள் சொல்லவில்லை. "போங்க" என்றாள். வேணி அவள் கையைத் தொடப் போனாள். பூமாலை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பாதிவழியில் வேணி கேட்டாள். "அந்த மாரி வேற எத்தினி செஞ்சீங்க?"

மயிலத்துக்குப் போய் எப்படிச் சொல்வது என்பதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. மற்றது தலையில் ஏறவே இல்லை.

"மூணு" என்றார்.

திருவாமாத்தூர் பூக்காரரின் தம்பிக்குச் செய்தது ஒன்று. மறுநாளே போய்ப் பட்டைகளைக் கழற்றினார்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டு வேணி குனிந்து பார்த்தாள். மடிப்பில் மயிரிழைபோல் வெடிப்பு ஓடியிருந்தது என்றாள். திருவக்கரையில் கோயிலுக்கு எதிரில் எலுமிச்சம்பழ மாலை விற்கும் பெண்ணின் வண்டியில் வெடிப்பு இல்லை, ஆனாலும் கழற்றினார்கள். புதிய பட்டைகளுக்கு வேணி மார்க்கரால் கோடு போட்டாள். குமரேசன் பழுக்கக் காய்ச்சி மடக்கினான். இரண்டு பேரிடமும் விருத்தாசலம் காரணத்தைச் சொன்னார். பூக்காரர் அதன்பிறகு அவர் ஃபோனை எடுப்பதில்லை.

மூன்றாவது, அனந்தபுரத்தில் நெடுஞ்செழியன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியாருக்குச் செய்தது. அவர் வீட்டுக்குப் போனபோது மாலை போட்ட படத்தைத்தான் பார்க்க முடிந்தது. ஐப்பசியில் மாரடைப்பு என்றார்கள். வண்டியை மகன் திண்டிவனத்தில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் தள்ளிவிட்டிருந்தான். வியாபாரி, யாரோ ஒரு கால் ஊனமான ஆள் வந்து சக்கரத்தோடு எடுத்துப்போனதாகச் சொன்னார்.

"பேரு தெரியுங்களா?" என்று கேட்டாள் வேணி.

"பேரு எழுதலம்மா. பேப்பர் இன்னும் மாத்தல. வெள்ளச் சட்ட போட்டுக்கினு, முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். செஞ்சிப் பக்கம்னாரோ, மரக்காணம் பக்கம்னாரோ. சிரிச்ச முகம்."

விருத்தாசலம் வண்டி நம்பரைக் கொண்டுபோய்ப் போலீஸில் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாபாரியின் கடையில் தன் ஃபோன் நம்பரை ஒட்டினார். செஞ்சியிலும் மரக்காணத்திலும் மெக்கானிக் கடைகளில் எழுதிக் கொடுத்தார். யாரும் கூப்பிடவில்லை.

பங்குனி திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே, செஞ்சிச் சாலை பிரியும் இடத்தில் நிற்கத் தொடங்கினார்கள். இதற்குள் அவருக்கு எதிரில் வருபவரின் முகம் போய்விட்டது, ஓரங்கள் மட்டும்தான் இருந்தன. வேணிதான் பார்த்தாள். நம்பரை அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

சித்திரையில் ஒருநாள் பதினோரு மணி வெயிலில் நான்கு சக்கர ஸ்கூட்டர் ஒன்று ஓரமாக வந்து நின்றது. வெள்ளைச் சட்டை. வேணி ஓடினாள். குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள்.

"இன்னாம்மா பண்ற? கைய எடு" என்றான் அந்த ஆள்.

"ஒண்ணுமில்ல தம்பி. யாரு செஞ்சதுன்னு பாத்தேன்."

"பாண்டிச்சேரில செஞ்சது. ஏன், வேணுமா உனக்கு?"

அவள் எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். விருத்தாசலம் சத்தம் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"இது இல்லீங்க" என்றாள்.

"நம்பர் பாத்தியா?"

"பாத்தேன். இது இல்ல."

மேலே பாலத்தில் சென்னைக்குப் போகும் வண்டிகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவர் முழங்கையைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தி நிறுத்தினாள். மத்தியானம் ஒன்றரைக்கு விழுப்புரம் பஸ் இருந்தது. அதுவரை நின்றார்கள்.